அலை எட்டாத கரை

வெப்பமண்டலத் தீவொன்றின் அமைதியான கடற்கரை ரிசார்ட் என்றால் வெண்மணலும் சாய்ந்த தென்னையும் நீலப்பச்சைக் கடலும்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். புகைப்படங்கள் காட்டுவதும் அவற்றையே. ஆனால் அண்மையில் நானும் என் கணவரும் அப்படியொரு பவளத்தீவில் தங்கியிருந்தபோது, எந்தப் புகைப்படத்திலும் அகப்படாத ஒன்றுதான் எங்களை முதலில் வியக்க வைத்தது. அந்தக் கரையில் அலை இல்லை. பெருங்கடலின் நடுவே, எந்தப் பக்கம் திரும்பினாலும் அடிவானம் வரை தண்ணீரே சூழ்ந்திருக்கும் ஒரு துண்டு நிலத்தில், நீர் கால்விரல்களைத் தொட்டு விலகுவது கண்ணுக்கே புலப்படாத அளவுக்கு மெல்ல நடந்தது. காது கொடுத்துக் கேட்டால் மட்டும் தொலைவில் இடைவிடாத ஒரு தாழ்ந்த முழக்கம். அது வரும் திசையில் நீரின்மேல் ஒரு வெண்கோடு. கடல் அங்கே உடைந்துகொண்டிருந்தது. நாங்கள் அதற்கு உள்ளே இருந்தோம்.

அந்த வெண்கோடுதான் பவளத்திட்டின் விளிம்பு. அங்கிருந்து கரை வரை விரிந்து கிடப்பது இடுப்பளவும் ஆளுயரமுமாக ஆழம் மாறும் காயல். உலகின் பல கடல்களில் எடுக்கப்பட்ட அளவீடுகளைத் தொகுத்து 2014ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, பவளத்திட்டுகள் தம்மீது மோதும் அலையின் ஆற்றலில் சராசரியாக 97 சதவீதத்தைக் கரைக்கு வரவிடாமல் குறைத்துவிடுகின்றன என்று கண்டது. அதிலும் பெரும்பகுதியைத் தடுப்பது திட்டின் மேல்முகடு மட்டுமே. ஆக, ரிசார்ட்டின் விளம்பரத்தில் ‘அமைதி’ என்று எழுதப்பட்டிருக்கும் பண்டம் ரிசார்ட் செய்தது அன்று. குண்டூசித் தலை முதல் விரல்நுனி வரை அளவுள்ள கோடானுகோடி பவள உயிரிகள், கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்துத் தம் உடலுக்கு அடியில் படிய வைத்து, தலைமுறை தலைமுறையாகக் கட்டிய மதில் அது. இந்த ஒன்றை மனத்தில் வாங்கிக்கொண்ட பிறகு அந்தத் தீவில் எதைப் பார்த்தாலும் எனக்கு வேறு விதமாகத் தெரிந்தது. இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவதும் அதைப் பற்றித்தான்.

மதில் எத்தனை பழையது என்பதை அறிய மனிதருக்கு நீண்ட காலம் பிடித்தது. 1836ஆம் ஆண்டு பீகிள் கப்பலில் இந்தியப் பெருங்கடலின் கொக்கோஸ் தீவுகளுக்கு வந்த சார்லஸ் டார்வின், வளையமாக அமைந்த பவளத்தீவுகளுக்கு ஒரு விளக்கம் தந்தார். எரிமலைத் தீவைச் சுற்றிப் பவளம் வளர்கிறது. எரிமலை மெல்ல மெல்லக் கடலுக்குள் அமிழ்கிறது. பவளமோ வெளிச்சத்தைத் தேடி மேலே கட்டிக்கொண்டே வருகிறது. இறுதியில் மலை மறைந்து வளையம் மட்டும் எஞ்சுகிறது. இதை அவர் 1842இல் நூலாக வெளியிட்டார். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் கழிந்து, 1952இல் பசிபிக் பெருங்கடலின் எனிவெடோக் தீவில் ஆழ்துளையிட்டபோது, 1,200 மீட்டருக்கும் மேலான பவளச் சுண்ணாம்பைக் கடந்த பிறகே அடியிலிருந்த எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. குடிலின் திண்ணையில் கால் நீட்டி அமர்ந்திருக்கும்போது, இப்படியொரு தடிமனான உயிர்க்கட்டுமானத்தின் உச்சியில் ஒட்டிய மணல்மேல் அமர்ந்திருக்கிறோம் என்ற எண்ணம் எனக்கு அடிக்கடி வந்தது.

வந்து இறங்கியதும் ரிசார்ட் ஊழியர்கள் ஒரு பட்டியலை நீட்டினார்கள். டால்பின் பார்க்கும் படகு, மணல்திட்டுக்குச் செல்லும் படகு, ஜெட் ஸ்கீ, பாராசூட்டைக் கட்டி இழுக்கும் படகு என்று நீண்டது அது. என் கணவருக்கு ஒன்றிரண்டில் ஆசை இருந்தது. எனக்கோ ஒரே கரையில், ஒரே காயலில் இருந்துவிட வேண்டும் என்று தோன்றியது. அமைதியைத் தேடி இவ்வளவு தூரம் வந்துவிட்டு, நாள் முழுவதும் என்ஜின் சத்தத்தில் கழிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பேசிப் பார்த்தோம், அவர் இசைந்தார். தீவை விட்டு வெளியே செல்வதில்லை என்று முடிவு செய்தது எங்கள் பயணத்தின் மிக நல்ல தீர்மானம் என்று இப்போதும் கருதுகிறேன். சின்னஞ்சிறு தீவில் செய்வதற்கு ஒன்றும் இல்லையே, சலித்துப்போகாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஒரே இடத்தை நாளுக்கு நாள் திரும்பிப் பார்க்கிறவர்களுக்குத்தான் அந்த இடம் மாறுவதே தெரியவரும். ஓதத்தை, அதாவது கடல் ஏறி வற்றுவதை, கவனிக்கத் தொடங்கியவர்களுக்கு அங்கே சலிப்பதற்கு நேரம் கிடைக்காது.

வரவேற்பறையின் ஒரு மூலையில், வானிலைக் குறிப்புக்கு அருகே, அன்றன்றைய ஓத நேரங்களை எழுதி வைத்திருந்தார்கள். பெரும்பாலான விருந்தினர்கள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்களுக்கு அதுவே கடிகாரம் ஆயிற்று. உலகின் பெரும்பாலான கரைகளில் கடல் நாளுக்கு இருமுறை ஏறி இருமுறை வற்றுகிறது. ஓர் உயர் ஓதத்துக்கும் அடுத்ததற்கும் இடையே சுமார் 12 மணி 25 நிமிடம். அதனால் இன்று காலை பத்து மணிக்கு வற்றிய கடல் நாளை பத்து ஐம்பதுக்கு வற்றும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாட்களில் ஏற்றமும் அதிகம், வற்றமும் அதிகம். அட்டமி, நவமி வாக்கில் இரண்டும் சுருங்கிவிடும். நீந்துவதற்கு உயர் ஓதம், நடப்பதற்குத் தாழ் ஓதம். இரண்டுக்கும் நடுவே நீர் வேகமாக வடியும் நேரத்தில் திட்டின் வாய்க்கால் பக்கம் போகக் கூடாது. அலைகள் திட்டைத் தாண்டிக் காயலுக்குள் தள்ளும் நீரெல்லாம் வெளியேற அந்தக் குறுகிய வாய்க்கால்தான் வழி என்பதால், மேலே கண்ணாடியாகத் தெரியும் நீருக்குள் இழுப்பு கடுமையாக இருக்கும். அலையற்ற நீர் என்பதாலேயே ஆபத்தற்ற நீர் என்று எண்ணிவிடலாகாது. அப்படியொரு இழுப்பில் சிக்கினால் எதிர்த்து நீந்திக் களைப்பதைவிட, மிதந்தபடி கையை உயர்த்தி உதவி கேட்டுக்கொண்டு, பக்கவாட்டில் விலகி வெளியே வரப் பார்ப்பதே சரி.

தாழ் ஓதத்தில் நடப்பதைத்தான் நான் எல்லாவற்றிலும் மேலாகச் சொல்வேன். நீர் முழங்காலுக்குக் கீழே இறங்கியதும், தடித்த அடிப்பாகம் கொண்ட செருப்பை மாட்டிக்கொண்டு, மணல் தெரியும் இடங்களில் மட்டும் கால் வைத்து, மெதுவாக நடக்க வேண்டும். உயிருள்ள பவளத்தின்மேல் கால் பட்டால் அது நொறுங்கும். பல ஆண்டு வளர்ச்சி ஒரு மிதியில் போய்விடும். செருப்பு நமக்கும் தேவை. கல்லோடு கல்லாகக் கிடக்கும் கல்மீனின் முதுகு முட்களில் கடும் நஞ்சு உண்டு; கடல் முள்ளெலியின் கரிய முள் தோலுக்குள் ஒடிந்து தங்கிவிடும். அழகான கோலங்கள் கொண்ட கூம்புச் சங்குகளைக் கையில் எடுக்கவே கூடாது. அவற்றுள் சில இனங்கள் நச்சு ஈட்டி ஒன்றைப் பாய்ச்சும்; மனிதர் இறந்த நிகழ்வுகளும் உண்டு. இவ்வளவு எச்சரிக்கைக்குப் பிறகும் நான் நடக்கத்தான் சொல்வேன். எங்கள் கால்களுக்கு முன்னால், கணுக்கால் ஆழ நீரில், முதுகுத் துடுப்பின் நுனி கறுத்த சுறாக்குட்டிகள் இரண்டு நிழல்களாக வளைந்து வளைந்து சென்றன. பெரிய மீன்கள் வர இயலாத அந்த ஆழமின்மைதான் அவற்றின் தொட்டில். சற்றுத் தள்ளி ஒரு கரைக்கொக்கு, நீரில் அசைவே இல்லாமல், எங்களைவிடப் பல மடங்கு பொறுமையுடன் நின்றிருந்தது.

கரையோரத்தில் ஒரு மாலை கண்ட காட்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாழைப் புதரின் கீழே, துறவி நண்டுகள் சில, ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றிருந்தன. பெரியது முன்னால், அடுத்தது அதைவிடச் சற்றுச் சிறியது, கடைசியில் இருந்தது ஒரு பட்டாணி அளவு. முன்னால் ஒரு காலிச் சங்கு கிடந்தது. இந்த நண்டுகளுக்கு வயிற்றுப்பகுதி மென்மையானது. செத்துப்போன நத்தையின் கூட்டுக்குள் அதை நுழைத்து வைத்துக் காத்துக்கொள்ளும். உடல் வளர வளரப் பெரிய கூடு தேட வேண்டும். முதல் நண்டு காலிச் சங்கின் வாயை இடுக்கியால் தடவித் தடவி அளந்தது. திருப்பிப் போட்டு உள்ளிருந்த மணலைக் கொட்டியது. பிறகு கண்ணிமைக்கும் நேரத்தில் பழைய கூட்டை விட்டுப் புதியதற்குள் புகுந்தது. அடுத்த கணமே இரண்டாவது நண்டு முதலாவதன் கூட்டில், மூன்றாவது இரண்டாவதன் கூட்டில் என்று வரிசை முழுவதும் வீடு மாறிக்கொண்டது. கடைசியில் எஞ்சியது எவருக்கும் போதாத மிகச் சிறிய சங்கு ஒன்று. நினைவுப்பொருளாகக் கரையிலிருந்து ஒரு சங்கை எடுத்துச் செல்வதில் என்ன குறைந்துவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு இதைவிடத் தெளிவான பதிலை நான் அறியேன். கூடு கிடைக்காத நண்டுகள் பிளாஸ்டிக் மூடிகளுக்குள் புகுந்து வாழ்வதை இன்று பல தீவுகளில் காண முடிகிறது. டார்வின் கண்ட அதே கொக்கோஸ் தீவுகளில், ஒதுங்கிய பிளாஸ்டிக் பாத்திரங்களுக்குள் விழுந்து ஏற முடியாமல் இறக்கும் துறவி நண்டுகள் சுமார் 5,08,000 என்று அண்மைக்கால ஆய்வொன்று மதிப்பிட்டிருக்கிறது. ஒன்று இறந்தால் காலியான கூட்டின் மணம் மற்றவற்றை அழைக்கிறது. அவையும் அதே பாத்திரத்துக்குள் விழுகின்றன.

நீருக்கு மேலே இவ்வளவு அமைதி என்றால் நீருக்குக் கீழே அதற்கு நேர்மாறு. ஸ்நார்க்கல் குழாயை வாயில் பொருத்தி முகத்தை நீருக்குள் இறக்கியதும், எண்ணெயில் கடுகு வெடிப்பது போன்ற படபடப்பு நாலா புறமும் எழுகிறது. அது சொடுக்கு இறால்கள் எழுப்பும் ஒலி. விரல் நீளமே உள்ள அந்த இறால் தன் பெரிய இடுக்கியைச் சட்டென்று மூடும்போது, பாய்ந்து வெளியேறும் நீரில் ஒரு குமிழி தோன்றி உடைகிறது. உடையும் அதிர்ச்சியே அந்தச் சத்தம். ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் திட்டு முழுவதும் பொரிகிறது. நலமான திட்டு சத்தம் மிகுந்தது. செத்த திட்டு அடங்கிப்போனது. திறந்த கடலில் மிதந்து வளரும் மீன்குஞ்சுகள் தாம் குடியேறுவதற்கான திட்டை அந்தச் சத்தத்தையும் கொண்டு தேடி வருகின்றன. ஆஸ்திரேலியாவின் பெருந்தடைப் பவளத்திட்டில், சிதைந்த பகுதிகளில் ஒலிபெருக்கி வைத்து நலமான திட்டின் ஓசையை ஒலிபரப்பியபோது, ஒலிபரப்பாத இடங்களைவிட ஏறத்தாழ இருமடங்கு மீன்கள் வந்து சேர்ந்ததாக 2019இல் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஜெட் ஸ்கீயின் இரைச்சல் நீருக்கு மேலே இருப்பவர்களுக்கு மட்டுமே தொந்தரவு என்று நாம் எண்ணிக்கொள்வது எவ்வளவு தவறு என்பது அந்த நீருக்குள் தலையை வைத்தால் விளங்கும்.

அந்தப் படபடப்புக்கு நடுவே ‘கறக், கறக்’ என்று தனியாக ஒரு சத்தம் கேட்டது. திரும்பினால், நீலமும் இளஞ்சிவப்புமாக, என் முழங்கை நீளத்தில் ஒரு கிளிமீன். பாறையின்மேல் படிந்த பாசிக்காக அது அலகால் பாறையையே கடித்துக்கொண்டிருந்தது. கடித்த இடங்களில் வெள்ளைக் கீறல்கள் இரட்டை இரட்டையாகத் தெரிந்தன. விழுங்கிய சுண்ணாம்பைத் தொண்டைக்குள் இருக்கும் இன்னொரு வரிசைப் பற்களால் அரைத்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு, எஞ்சியதை வெண்புகையாகப் பின்னால் விட்டபடி நகர்ந்தது. அந்த வெண்புகைதான் மணல். மாலத்தீவின் வக்காரு என்னும் தீவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வின்படி, அங்கே புதிதாக உருவாகும் மணலில் 85 சதவீதத்துக்கும் மேல் கிளிமீன்கள் தருவது. மற்றவை பெரும்பாலும் சுண்ணாம்பேறிய கடற்பாசித் துணுக்குகளும் நுண்ணுயிர் ஓடுகளும். கரைக்கு வந்ததும் ஒரு கைப்பிடி மணலை அள்ளி வெயிலில் பிடித்துப் பார்த்தேன். உடைந்த சங்கின் சுழல், ஊசிமுனை அளவு முள், இளஞ்சிவப்புப் பவளத்தூள், துளையுள்ள வெண்தகடுகள். ஒரு பருக்கைகூடக் கல்லில் பிறந்ததாகத் தெரியவில்லை. நண்பகல் வெயிலிலும் அந்த மணல் கால் சுடாததற்கு அதன் வெண்மையே காரணம். வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது.

இப்படி மதிலும் மணலும் உயிரிகளின் உழைப்பு என்றால், ரிசார்ட் நடத்துபவர்களுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். என் கருத்தில், குறுக்கே நிற்காமல் இருப்பதே அவர்களுடைய முதல் வேலை. அது எளிதன்று. விருந்தினர் படத்தில் பார்த்த கடற்கரையை நேரில் எதிர்பார்க்கிறார். கடற்கரையோ அசையாமல் இருப்பதில்லை. பருவக்காற்று திசை மாறும் இடங்களில் சிறு பவளத்தீவின் மணல் ஒரு பருவத்தில் ஒரு பக்கமும் மறு பருவத்தில் எதிர்ப்பக்கமுமாக இடம் மாறிக்கொண்டே இருக்கும். அது தீவின் இயல்பான மூச்சு. ஆனால் கட்டடம் நகராது. எனவே மணல்மூட்டை அடுக்குகிறார்கள், சுவர் எழுப்புகிறார்கள், காயலின் அடியிலிருந்து மணலை உறிஞ்சிக் கரையில் கொட்டுகிறார்கள். ஓரிடத்தில் தடுத்தால் இன்னோரிடத்தில் அரிக்கும். உறிஞ்சும்போது கலங்கும் நீர் பவளத்தின்மேல் சேறாகப் படிந்து அதை மூச்சடைக்க வைக்கும்.

கடற்புல்லின் கதை இதைவிட வருத்தமானது. காயலின் சில பகுதிகளில் கரும்பச்சைத் திட்டுகளாகத் தெரிவது கடற்புல். மேலிருந்து பார்க்கும்போது நீலப் பரப்பில் கறை போலத் தெரிகிறது என்பதற்காகப் பல ரிசார்ட்டுகள் அதை வேரோடு பிடுங்கி எறிந்திருக்கின்றன. பச்சை ஆமைகள் மேய்வது அந்தப் புல்லில். மீன்குஞ்சுகள் ஒளிவது அந்தப் புல்லில். அடிமணலை வேரால் பிடித்து வைப்பதும் அந்தப் புல்லே. 2019இல் மாலத்தீவில் கடற்புல்லைக் காக்க ஓர் இயக்கம் எழுந்து, தம் காயலில் இருக்கும் புல்லைப் பிடுங்க மாட்டோம் என்று பல ரிசார்ட்டுகள் உறுதி கூறின என்பது மகிழ்ச்சியான செய்தி. நாங்கள் தங்கிய இடத்தில் புல் இருந்தது. உயர் ஓதம் வடியத் தொடங்கும் நேரத்தில் அதன்மேல் மிதந்துகொண்டிருந்தால், ஓர் ஆமையாவது மேய்ந்துகொண்டிருக்கும். புல்லை வெட்டும் ஓசை நீருக்குள் தெளிவாகக் கேட்கும். மூச்சுக்காக மேலே வரும்போது அதன் வழியில் நாம் இருக்கலாகாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

கரையின் மேற்பகுதியில் புன்னையும் பூவரசும் தாழையும் அடர்ந்து, அவற்றின் காலடியில் அடும்பங்கொடி மணல்மேல் ஊதாப்பூக்களோடு படர்ந்திருந்தது. நெய்தல் நிலத்துப் பெயர்களாகவே நாம் அறிந்திருக்கும் இந்தச் செடிகளை அவ்வளவு தொலைவில் கண்டபோது மனம் நெகிழ்ந்தது. இவற்றின் விதைகள் கடலில் மிதந்து கரை கரையாகச் செல்ல வல்லவை. ஆகவே இந்திய, பசிபிக் பெருங்கடல்களின் வெப்பமண்டலக் கரைகள் பலவற்றில் இவை சொந்தக்காரர்கள். அடும்பின் வேர் மணலைப் பிடிக்க, பின்னால் தாழையும் புன்னையும் காற்றைத் தடுக்க, அதற்கும் பின்னால் குடில்கள் இருந்தன. குடிலிலிருந்து கடல் தெரியவில்லை என்று சிலர் குறைபட்டுக்கொண்டதைக் கேட்டேன். எனக்கு அந்த மறைப்பு பிடித்திருந்தது. அடுத்த குடிலின் பேச்சுக்குரல் எங்களை எட்டாததற்கு அந்த மரங்களே காரணம்.

நன்னீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆறும் ஏரியும் இல்லாத பவளத்தீவில் மழைநீர் மணலுக்குள் இறங்கி, அடர்த்தி மிகுந்த கடல்நீரின்மேல் வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. கோட்பாட்டின்படி கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நன்னீர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை இருக்கலாம். ஆனால் தாழ்வான சிறு தீவில் ஓதம் நாள்தோறும் கலக்கிவிடுவதால் உண்மையில் கிடைப்பது மிக மெல்லிய அடுக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலேறும். ஒருமுறை உப்பேறிய ஊற்று மீள்வதற்கு நல்ல மழைக்காலங்கள் வேண்டும். தென்னையும் பூவரசும் நம்பியிருப்பதும் அதே நீரைத்தான். இதனால் ரிசார்ட்டுகள் பெரும்பாலும் கடல்நீரை ஆர்.ஓ. முறையில் நன்னீராக்குகின்றன, அதற்கு மின்சாரம் வேண்டும், மின்சாரத்துக்கு டீசல் ஜெனரேட்டர் ஓட வேண்டும். குளியலறைக் குழாயைத் திறக்கும்போதெல்லாம் தீவின் மறுமுனையில் ஓர் என்ஜின் சற்றுக் கூடுதலாக உழைக்கிறது. நாங்கள் அறையின் ஏ.சி.யை அணைத்துவிட்டு, ஜன்னல்களைத் திறந்து, காற்றாடியோடு உறங்கினோம். கடலிலிருந்து வீசிய காற்று போதுமானதாக இருந்தது. திட்டின் முழக்கமும் ஜன்னல் வழியே உள்ளே வந்தது.

நிலநடுக்கோட்டுக்கு அருகில் சூரியன் ஏறத்தாழச் செங்குத்தாக இறங்குவதால் அந்தி நீடிப்பதில்லை; மறைந்த அரை மணி நேரத்துக்குள் இருட்டிவிடுகிறது. அந்த இருட்டுதான் இத்தகைய தீவின் பெரும் செல்வம் என்று நான் நினைக்கிறேன். துருவ நட்சத்திரம் ஓரிடத்தின் வானில் எத்தனை பாகை உயரத்தில் நிற்கிறதோ அத்தனை பாகை வட அட்சத்தில் அந்த இடம் இருக்கிறது. எங்கள் தீவில் அது அடிவானத்து மூட்டத்துக்குள் புதைந்து தெரியவே இல்லை. மறுபக்கம், இரவு முதிர்ந்ததும், தென்வானில் திரிசங்கு என்னும் தென்சிலுவை விண்மீன் கூட்டம் நிமிர்ந்து நின்றது. இவ்வளவையும் காணப் படகுத்துறையின் கடைசி வரை நடக்க வேண்டியிருந்தது. ஏனெனில் கரையோரம் முழுவதும் வெண்ணிற விளக்குகளை ஏற்றி வைத்திருந்தார்கள். அந்த ரிசார்ட்டில் என்னை உறுத்திய ஒரே விஷயம் அது.

உறுத்தியதற்குக் காரணம் நட்சத்திரங்கள் மட்டுமல்ல. அந்தக் கரையில் ஆமைகள் முட்டையிட வருவதுண்டு. மணலுக்குள் சுமார் இரண்டு மாதம் கிடந்து பொரிந்து வெளிவரும் குஞ்சுகள், இரவில் எந்தப் பக்கம் அடிவானம் வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கமே கடல் என்று நம்பி ஓடுகின்றன. காட்டுப் பக்கம் இருண்டும் கடற்பக்கம் ஒளிர்ந்தும் இருந்த உலகில் அந்த நம்பிக்கை அவற்றைக் கைவிடவில்லை. இன்று விளக்குகளை நோக்கி ஓடிக் களைத்து, விடிந்ததும் வெயிலுக்கும் நண்டுக்கும் பறவைக்கும் இரையாகின்றன. முட்டையிட வரும் தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிவிடக்கூடும். தாழ்வான, மூடியிட்ட, செம்மஞ்சள் விளக்குகளை வைப்பதற்கு பெருஞ்செலவு ஆகாது. இதை மேலாளரிடம் பணிவாகச் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு, எங்கள் குடிலுக்கு முன்னிருந்த விளக்குகளை அன்றிரவே அணைக்கச் சொன்னார். கரை முழுவதற்கும் செய்ய வேண்டும் என்பதை விடைபெறும் நாளில் எழுத்திலும் கொடுத்துவிட்டு வந்தோம். கேட்கிறவர்கள் பெருகினால்தான் அது நடக்கும்.

வெப்பம் என்ற ஒன்றைத் தவிர்த்துவிட்டு இந்தத் தீவுகளைப் பற்றி நேர்மையாக எழுத முடியாது. பவள உயிரியின் திசுவுக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பவளத்துக்கு நிறத்தையும் உணவில் பெரும்பகுதியையும் தருபவை அவையே. கடல்நீர் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி செல்சியஸ் கூடுதலாகிச் சில வாரங்கள் நீடித்தாலே அந்த உறவு முறிந்து பவளம் வெளுத்துவிடுகிறது. வெப்பம் தணியாவிட்டால் இறந்துவிடுகிறது. 1998இல் முதன்முறையாக உலகளாவிய அளவில் இது நேர்ந்தது. பிறகு 2010, அதற்கடுத்து 2014 முதல் 2017 வரை. நான்காவது முறை நடந்துகொண்டிருப்பதாக 2024 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டது. எங்கள் காயலின் வெளிவிளிம்பில் கிளைப்பவளங்கள் சாம்பல்நிறப் பாசி மூடிக் குவியலாகக் கிடந்த ஒரு பெரும்பகுதி இருந்தது. அங்கே அந்தப் படபடப்பு குறைந்திருந்தது. அருகிலேயே, பழைய குவியலின்மேல், உள்ளங்கை அகல இளம்பவளங்கள் ஊதா நுனியோடு முளைத்திருந்ததையும் கண்டோம். ஆமைகளுக்கும் வெப்பம் வேறு விதத்தில் கேடு செய்கிறது. முட்டை கிடக்கும் மணல் சுமார் 29 டிகிரியைத் தாண்டினால் பிறப்பவை பெரும்பாலும் பெண்குஞ்சுகள். பெருந்தடைப் பவளத்திட்டின் வடபகுதியைச் சேர்ந்த இளம் பச்சை ஆமைகளில் 99 சதவீதம் பெண் என்று 2018இல் ஆய்வாளர்கள் கண்டார்கள்.

இவ்வளவு பெரிய கேட்டின் முன்னால் ஒரு விருந்தினரால் செய்யக்கூடியது சிறிதே. ஆனாலும் அந்தச் சிறிதையும் செய்யலாம். பவளத்துக்குத் தீங்கு செய்யும் வேதிப்பொருள்கள் உள்ள சன்ஸ்கிரீனை 2020 முதல் பசிபிக் தீவு நாடான பலாவும் 2021 முதல் ஹவாயும் தடை செய்திருக்கின்றன. நாங்கள் முழுக்கை நீச்சல் சட்டை அணிந்தோம். முதுகும் தோளும் அதிலேயே மறைந்துவிடுவதால், பூசுவதற்கு முகமும் கழுத்தும் தவிர அதிகம் எஞ்சவில்லை.

இத்தகைய ஓர் இடத்தைத் தேர்ந்தெடுக்க விரும்புவோர் அறையின் படங்களைவிடச் சில கேள்விகளுக்கு முதலிடம் கொடுக்கலாம். அந்தப் பருவத்தில் காற்று எந்தப் பக்கத்திலிருந்து வீசும், குடில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்க வேண்டும். காற்றுக்கு மறைவான பக்கத்தில் காயல் தெளிந்து நிற்கும், எதிர்ப்பக்கத்தில் கலங்கியிருக்கும். கரையிலிருந்தே நடந்து சென்று அடையக்கூடிய தொலைவில் திட்டு இருக்கிறதா, அல்லது ஒவ்வொரு முறையும் படகில் போக வேண்டுமா என்பது அடுத்தது. ஜெனரேட்டர் அறை எங்கே இருக்கிறது என்பதைக் கேட்கத் தயங்கக் கூடாது. தீவு சிறியதாக இருந்தால் ஏதோ ஒரு குடில் வரிசை அதற்கு அருகில் இருந்தே தீரும். நாளைக் குறிப்பதில்தான் பலர் கவனம் செலுத்துவதில்லை. அமாவாசையை ஒட்டிய நாட்களில் நிலவொளி குறுக்கிடாமல் வானம் தெரியும். ஓதமும் நன்றாக வற்றித் திட்டு வெளிப்படும். நாளுக்கு இருமுறை ஓதம் ஏறி இறங்கும் கரைகளில், ஒரே இடத்தில் அந்தப் பெருவற்றம் ஆண்டு முழுவதும் ஏறத்தாழ ஒரே மணிக்குத்தான் வரும் என்பதால், அது காலையிலா உச்சிவெயிலிலா என்பதை ரிசார்ட்டிடம் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் போதும். எங்கள் தீவில் அது காலை ஒன்பதை ஒட்டி வந்தது. மறுபடி அங்கேயே செல்வதென்று இருவரும் முடிவு செய்து, நாட்காட்டியில் அமாவாசையைப் பார்த்து விடுப்புக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம்.